எல்லையோர ஊரும் கல்லூரிகளை ஒப்பிடும் வழக்கமும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்ததும் வருகிற எளாவூர், தமிழ்நாட்டின் வடகோடியில் அமைந்த ஊர்களுள் ஒன்றாகும். அங்கு பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், 1995இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரி இருக்கும் கவரைப்பேட்டையையும் அரசு கலைக் கல்லூரி இருக்கும் பொன்னேரியையும் புறநகர் ரயிலிலேயே அடையலாம்; வடக்கே ஆரம்பாக்கத்தையும் தடாவையும் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியும், அங்கு 2013இல் நிறுவப்பட்ட தகவல் தொழில்நுட்பக் கழகமும் வந்துவிடும். தொலைவு சிறிதெனினும், எல்லைக்கோட்டின் இருபுறமும் சேர்க்கை முறை வேறு, தேர்வு வேறு, பட்டம் வழங்கும் அமைப்பும் வேறு. இத்தகைய நிறுவனங்களை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்னும் கேள்வியை ஐரோப்பிய நாடுகள் 1999ஆம் ஆண்டின் போலோன்யா பிரகடனத்துக்குப் பின் ஒரு கண்டத்தின் சிக்கலாகக் கருதி அணுகின. தமிழ்நாட்டிலோ அக்கேள்விக்குத் திட்டமிட்ட விடை எதுவும் உருவாகவில்லை. அந்தந்தக் காலத்தில் பொதுமக்கள் பார்வைக்கு எந்தக் கணக்கு வந்ததோ, அதுவே கல்லூரியின் தரம் என்று கொள்ளப்பட்டது.

1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் பாடம் நடத்தும் நிறுவனமாக இருக்கவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவதே அதன் பணியாக இருந்தது. அதன் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றவர்கள் என்பதே, எங்கே படித்தார் என்பதைவிடத் தேர்வில் தேறினாரா என்பதே அம்முறையில் பொருட்டாக இருந்தது என்பதற்குப் போதிய சான்றாகும். கற்பிப்போர் ஒருவர், வினாத்தாள் அமைப்போர் வேறொருவர் என்ற இப்பிரிவினால் ஓர் எதிர்பாராத நன்மை விளைந்தது: மாநிலக் கல்லூரியானாலும் கும்பகோணம் கல்லூரியானாலும் மாணவர்கள் ஒரே தாளையே எழுதியதால், எத்தனை பேரை அனுப்பி எத்தனை பேர் தேறினர் என்பதைக் கொண்டு கல்லூரிகளை எடைபோட முடிந்தது.

இந்த எண்ணின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்ததன் விளைவைப் பள்ளிகளே முதலில் கண்டன. இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவரப்பட்ட, தேறிய மாணவர் கணக்குக்கேற்ப மானியம் வழங்கும் முறை, அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர, ஆசிரியர்கள் ஆய்வாளர் வரும் நாளுக்காகவே பிள்ளைகளை மனப்பாடம் செய்விக்கும் நிலை உருவாயிற்று. தேர்ச்சிக் கணக்கு மட்டும் போதாது என்ற எண்ணம் உயர்கல்வியிலும் வலுப்பெற்று, 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நூலகம், ஆய்வுக்கூடம், விடுதி, ஆசிரியர் தகுதி ஆகியவற்றை நேரில் பார்வையிட்டே கல்லூரிக்கு இணைவிப்பு, அதாவது பல்கலைக்கழகத் தேர்வுக்கு மாணவரை அனுப்பும் உரிமை, வழங்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் பார்வையாளர்களின் அறிக்கைகள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்காக எழுதப்பட்டவையே தவிர, பெற்றோர் படித்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

1984இல் அரசு மானியமின்றிக் கட்டணத்தைக் கொண்டே இயங்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும் நிலைமை முற்றிலும் மாறியது. கல்லூரிகள் ஐந்நூற்றைத் தாண்டிப் பெருகிய பின், அவற்றை வேறுபடுத்தி அறியும் தேவை சில ஆயிரம் குடும்பங்களின் கவலையாக இருந்தது போய் லட்சக்கணக்கான குடும்பங்களின் கவலையாயிற்று. இக்காலத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற அளவுகோலை எந்த மதிப்பீட்டுக் குழுவும் வகுத்துத் தரவில்லை. அது கலந்தாய்வு அரங்கில் தானே உருவானது. 1997இல் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சாளர முறையில், மதிப்பெண் வரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவர், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்பதைத் திரையில் பார்த்தபடியே தேர்ந்தெடுத்தார். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண், ஒரு கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு எவ்வளவு இருந்தது என்பது செய்தித்தாள்கள் வழியாக வீட்டுக்கு வீடு பரவ, இடங்கள் நிரம்பிய வரிசையே கல்லூரிகளின் தர வரிசையாக மக்கள் மனத்தில் பதிந்தது. ஒளிவுமறைவின்மையைப் பொறுத்தவரை இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் கட்-ஆஃப் என்பது உள்ளே நுழைந்தவரின் பள்ளி மதிப்பெண்ணைச் சொல்லுமேயன்றி, நுழைந்தபின் கல்லூரி அவருக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லாது. சென்ற ஆண்டு முதலில் நிரம்பியது என்பதற்காகவே இந்த ஆண்டும் ஒரு கல்லூரி முதலில் நிரம்புவதை மதிப்பீடு என்று கொள்வதும் கடினம்.

வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கீழிருந்த பொறியியல் கல்லூரிகள் 2001க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டபோது, ஒரே வினாத்தாளால் ஒப்பிடும் பழைய வாய்ப்பு மீண்டும் கிடைத்தது. 2007இல் பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டு 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்ட இடைக்காலத்தில் அது தடைப்பட்டாலும், பின்னர் கல்லூரிவாரியான தேர்ச்சி விகிதம் பல்கலைக்கழக இணையதளத்திலேயே வெளியாகத் தொடங்கியது. ஆனால் தானே வினாத்தாள் அமைத்துத் தானே திருத்தும் தன்னாட்சிக் கல்லூரிகள் பெருகப் பெருக, அந்தப் பட்டியலின் பொதுத்தன்மை குறைந்துகொண்டே வந்தது. 190க்கு மேல் கட்-ஆஃப் பெற்றவரையே சேர்க்கும் கல்லூரியின் தேர்ச்சியையும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த, 100க்கும் குறைவான கட்-ஆஃப் பெற்றவரைச் சேர்க்கும் கல்லூரியின் தேர்ச்சியையும் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக அச்சிடுவது நேர்மையான ஒப்பீடாகுமா என்ற கேள்வியும் எஞ்சியே நிற்கிறது.

மாநில எல்லை கடந்த அளவுகோல்கள் தில்லியிலிருந்து வந்தன. 1994இல் நிறுவப்பட்ட ‘நாக்’ எனும் தேசிய மதிப்பீட்டுக் குழு நிறுவனங்களுக்குத் தரக்குறியீடு வழங்கியது. 2015இல் அறிவிக்கப்பட்டு 2016 ஏப்ரலில் முதல் பட்டியலை வெளியிட்ட ‘என்ஐஆர்எஃப்’ எனும் தேசியத் தரவரிசை, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் தலா 30 விழுக்காடு, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20, அனைவரையும் உள்ளடக்குதலுக்கும் பிறர் கொண்டுள்ள மதிப்புக்கும் தலா 10 என்று எடையிட்டுப் பொறியியல் நிறுவனங்களை வரிசைப்படுத்துகிறது. இந்த எடைகளை யார், எந்த அடிப்படையில் வகுப்பது என்ற ஐயத்தை ஐரோப்பியர் வேறு விதமாகக் கையாண்டனர்: 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவுடன் வெளிவந்த யு-மல்டிரேங்க், முதலிடம் இரண்டாமிடம் என்று எவருக்கும் வழங்காமல், எந்தக் கூறு தமக்கு முக்கியம் என்பதை மாணவரே தேர்ந்து ஒப்பிட வழிசெய்தது. என்ஐஆர்எஃபிலும், விளம்பரப் பலகைகளில் பெரிதாக எழுதப்படும் வரிசை எண்ணைக் காட்டிலும் பயனுள்ளது, ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டிய தரவுத் தாளேயாகும். சேர்ந்தவர் எத்தனை பேர், உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவரின் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பவை அதில் உள்ளன. கவரைப்பேட்டையையும் ஸ்ரீசிட்டியையும் ஒரே படிவத்தில் அருகருகே வைத்துப் பார்க்க எளாவூர் மாணவருக்கு இத்தாள் உதவும்.

அந்தத் தாளை நிரப்புவது கல்லூரியே என்பதுதான் சிக்கல். 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டின் பட்டியலுக்கு இடைக்காலத் தடை விதித்ததற்கு, கல்லூரிகள் தாமே தரும் தரவு முறையாகச் சரிபார்க்கப்படுவதில்லை என்ற வழக்கே காரணம். பட்டியல் செப்டம்பரில் வெளியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த நிகழ்ச்சி இதைவிடத் தெளிவானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவிப்புக்காகக் கல்லூரிகள் அளித்த ஆசிரியர் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்த அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு, 350க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதாக 2024 ஜூலையில் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகமும் தானே ஆராய்ந்து, முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுக்கள் ஆண்டுதோறும் நேரில் வந்து பார்வையிட்டும் கண்டறியாத இதை வெளிக்கொணர்வதற்கு, ஏற்கெனவே பொதுவெளியில் இருந்த பெயர்ப் பட்டியல்களே போதுமானவையாக இருந்தன.