பித்ரா அரிசியும் கொழும்பின் பசி வரலாறும்



ரமழானின் இறுதிப் பத்தில் இருக்கிறோம். பள்ளிகளில் பித்ரா அறிவித்தல் வந்துவிட்டது. எல்லோரும் கேட்பது, "இந்த முறை தலைக்கு எவ்வளவு?" என்பதுதான். அதற்குப் பள்ளி நிர்வாகம் பதில் சொல்லும். நாம் இன்று பேச விரும்புவது வேறொரு கேள்வி. ஏன் அரிசி?

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அந்தந்த ஊரின் பிரதான உணவிலிருந்தே பித்ரா கொடுக்கப்படுகிறது. மதீனாவில் பேரீச்சம்பழத்தையும் வாற்கோதுமையையும் கொடுத்தார்கள். நம் நாட்டில் அரிசி, தலைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன்னரே அது ஏழையின் வீட்டைச் சென்றடைய வேண்டும். நமது பெருநாள் மகிழ்ச்சியை, இந்த மண் எதைச் சாப்பிடுகிறதோ அதோடும், பக்கத்து வீட்டு அடுப்போடும் மார்க்கம் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது.

ஆனால் கொழும்பில் வாழும் நமக்கு அந்த அரிசி எங்கிருந்து வந்தது? இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பிரித்தானியர் காலத்தில் இலங்கை தேயிலையும் இறப்பரும் விற்று, அரிசியை வெளியில் வாங்கிய நாடு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நாம் உண்ட அரிசியில் பாதிக்கும் மேல் பர்மா, இந்தியா போன்ற இடங்களிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையே தாக்கின. பலர் நகரை விட்டு வெளியேறினார்கள். பர்மா அரிசி நின்றது. அந்த ஆண்டில்தான் அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பன் என்ற சொல்லும் சங்கக் கடை வரிசையும் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. பாண் இந்தளவுக்கு நம் சாப்பாட்டில் இடம்பிடித்ததற்கு அந்தக் காலமும் ஒரு காரணம்.

போர் முடிந்த பிறகும் தட்டுப்பாடு முற்றாகத் தீரவில்லை. 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தோம். இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஏற்பாடு அது. அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1953 ஜூலையில் அரசாங்கம் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. உயிர்கள் பலியாகின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க் கப்பலில் அமைச்சரவை கூடியது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசியின் விலை ஒரு பிரதமரின் பதவியையே அசைத்தது.

எழுபதுகளின் முற்பகுதியை நம் மூத்தவர்களிடம் கேளுங்கள். பாண் வரிசை, மரவள்ளிக் கிழங்கு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு என்று பல சொல்வார்கள். 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது.

பிறகு 2022. அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. வயல்களில் விளைச்சல் விழுந்தது. 2022 ரமழானின் நடுவே, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஏறத்தாழ 195 ரூபாய். எரிவாயு இல்லாமல் விறகு தேடி அலைந்தோம். வகுப்பறைகளில் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளை ஆசிரியர்களான நாம் நேரில் கண்டோம்.

அதே ரமழானில் காலிமுகத் திடலில் எல்லா மதத்தவரும் சேர்ந்திருந்து இப்தார் செய்தார்கள். நாடு வெறுங்கையாக நின்ற நேரத்தில் கஞ்சிப் பாத்திரத்தைச் சுற்றி மக்கள் கூடியதை மறக்கக் கூடாது.

இதற்குக் கொழும்பில் ஒரு பழைய பின்னணி உண்டு. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் ஒரு பௌத்த ஊர்வலம் போகும்போது பௌத்தர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அதைத் தொடர்ந்த முறைப்பாடுகளின் பலனாகத்தான் 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. பௌத்தக் கொடி முதன்முதலில் ஏற்றப்பட்ட இடங்களில் ஒன்று கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரை. சண்டையில் பிறந்த அந்த விடுமுறையில் இன்று என்ன நடக்கிறது? வீதிக்கு வீதி தன்சல். வரிசையில் நிற்பவரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில் அன்னதானம். நமது பள்ளிகளில் அஸருக்குப் பிறகு கஞ்சி வாங்க வாளியோடு வருபவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் நடந்த கொடுமைக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ரமழான் வந்தது. துக்கம் ஒரு பக்கம், அச்சம் மறுபக்கம். கஞ்சியும் வட்டிலப்பமும் வேலி தாண்டிப் போவது பல இடங்களில் குறைந்தது. அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆண்டுகள் எடுத்தன. சாப்பாடு பரிமாறிக்கொள்ளும் உறவு தானாக நிலைத்திருக்காது என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

பெருநாள் மேசையையும் ஒரு தடவை பாருங்கள். சம்பா அரிசி அம்பாறை, பொலன்னறுவை, கிளிநொச்சி வயல்களில் விளைந்திருக்கலாம். விதைத்தவர் முஸ்லிமாக, சிங்களவராக, தமிழராக இருக்கலாம். வட்டிலப்பத்துக்குத் தேங்காய் குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து. கித்துல் கருப்பட்டிக்காக யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போது இந்த மனிதர்களும் நம் நினைவில் இருக்கட்டும். மனிதருக்கு நன்றி சொல்லாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி சொல்லவில்லை என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்.

ஆகவே இந்தப் பெருநாளுக்கு நமது தாழ்மையான வேண்டுகோள்கள்:

ஒன்று, பித்ராவைக் கடைசி இரவு வரை தள்ளிப் போடாதீர்கள். பொதி கட்டவும் வீடு வீடாகச் சேர்க்கவும் பள்ளி இளைஞர்களுக்கு நேரம் வேண்டும். பணமாகக் கொடுப்பது பற்றி உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, முடிந்தவரை நம் நாட்டு அரிசியையே வாங்குங்கள். நாம் வீட்டில் சாப்பிடும் தரத்திலேயே கொடுங்கள். மலிவான அரிசியைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அழகல்ல.

மூன்று, கேட்கக் கூச்சப்படுபவர்களைத் தேடுங்கள். வெள்ளவத்தை மாடி வீடுகளில் வாடகை கட்டவே திணறும் குடும்பங்கள் உண்டு. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் நாட்கூலி இல்லாவிட்டால் அன்றைய சமையல் இல்லாத வீடுகள் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நான்கு, பித்ராவோடு நின்றுவிடாதீர்கள். முஸ்லிமல்லாத அயலவருக்கு ஸதகாவாகவும் அன்பளிப்பாகவும் தாராளமாகக் கொடுக்கலாம். பெருநாளன்று மட்டுமல்லாமல் மாதம் ஒரு உலர் உணவுப் பொதியாவது உங்கள் பள்ளியின் ஸதகா நிதி வழியாகவோ, பகுதியில் இயங்கும் சமூக சமையலறை வழியாகவோ போகட்டும். பெருநாளுக்கு அடுத்த வாரமும் பசிக்கும்.

ஐந்து, கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். வாங்குபவரின் பிள்ளையும் நமது வகுப்பில்தான் படிக்கிறது.

அரிசியை அளந்து பையில் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். 1942ஐயும் 1953ஐயும் 2022ஐயும் அப்போது சொல்லிக் கொடுங்கள். பாடப் புத்தகத்தை விட அது மனதில் நிற்கும். உங்கள் வீட்டு மூத்தவர்களின் கூப்பன் காலத்து நினைவுகளைக் கீழே எழுதுங்கள், எல்லோரும் அறிந்துகொள்வோம்.

யா அல்லாஹ், எமது நோன்புகளையும் பித்ராக்களையும் ஏற்றுக்கொள்வாயாக. இந்த நாட்டின் எந்த வீட்டையும் பசியோடு உறங்க விடாதிருப்பாயாக. ஆமீன்.

அனைவருக்கும் முற்கூட்டிய நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்.