அடைத்த பல்லில் நோவு: ஒரு வரலாற்று நோக்கு

சூத்தை விழுந்த பல்லை அடைத்துச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின் அதே பல்லில் மீண்டும் நோவு தோன்றுவதுண்டு. நோயாளி அதனை வைத்தியரின் தவறென்றே பெரும்பாலும் கருதுவான். ஆயின், பல்வைத்திய வரலாற்றை நோக்குவோர்க்கு அந்நோவு வேறொன்றையும் உணர்த்தும். குழியை மூடுதல் வேறு, நோயைத் தீர்த்தல் வேறு என்னும் உண்மையைப் பல்வைத்தியம் மிக மெதுவாகவே கற்றுக்கொண்டது.

பல்லின் புறத்தே உள்ள மிளிரி உணர்ச்சியற்றது. அதன் கீழுள்ள பன்முதலில் எண்ணற்ற நுண்குழாய்கள் உள. அவை நரம்பும் குருதிக் குழாய்களும் பொருந்திய மச்சையை நோக்கிச் செல்வன. மச்சை அழற்சியுறின், அதனைச் சூழ்ந்த கடினமான சுவர் வீக்கத்துக்கு இடங்கொடாது. பல்நோவு தாங்கொணாததாய் இருத்தற்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும்.

1728 இல் பாரிசில் தமது பெருநூலை வெளியிட்ட பியர் போஷார், பற்புழுவே சூத்தைக்குக் காரணம் என்ற நெடுங்கால நம்பிக்கையை ஏற்கவில்லை. ஈயம், வெள்ளீயம், பொன் ஆகியவற்றால் குழிகளை அடைக்கும் முறையை அவர் விவரித்தார். பொன்தகட்டைக் குழியினுள் இறுகப் பொதிதற்கு மிகுந்த திறனும் நேரமும் வேண்டியிருந்தன. அதன் விலையோ எளியோர்க்கு எட்டாததாயிற்று.

இந்நிலையிலேயே வெள்ளியும் இரசமும் சேர்ந்த இரசக்கலவை அறிமுகமாயிற்று. 1833 இல் நியூயோர்க்கை அடைந்த குரோக்கர் சகோதரர் அதனைப் பெரும் விளம்பரத்துடன் பரப்பினர். அவர்கள் சூத்தையை அகற்றாமலே அதன்மேற் கலவையை அப்பினர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றச்சாட்டாகும். அன்றியும், அக்காலக் கலவைகள் இறுகும்போது விரிந்தன. அதனால் பற்கள் வெடித்தலும் உண்டு. நோவு நீங்கியதென நம்பியோர் மீண்டும் நோவுற்றதில் வியப்பில்லை.

இதன் விளைவு பெரும் பூசலாகும். 1840 இல் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பல்வைத்தியர் சங்கம், இரசக்கலவையைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியைத் தன் உறுப்பினரிடம் கோரியது. அப்பிணக்கால் நலிவுற்ற சங்கம் 1856 இல் கலைந்தது. பொன்னை ஆதரித்தோர் இரசத்தின் நஞ்சைச் சுட்டினர். எதிர்த்தரப்பினரோ, மலிவான அடைப்பு இன்றேல் ஏழையின் பல் பிடுங்கப்படுவதன்றி வேறு வழியில்லை என்றனர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆயினும், வாதம் முழுவதும் அடைக்கும் பொருளைப் பற்றியதாகவே அமைந்தது. அடைப்பின்கீழ் நிகழ்வது யாது என்பதை விளக்கும் அறிவு அன்று இருதரப்பாருக்கும் இருக்கவில்லை.

அவ்வறிவு 1890 இல் வெளிவந்த டபிள்யூ. டி. மில்லரின் ஆய்வுநூலால் உறுதிபெற்றது. வாயிலுள்ள பற்றீரியாக்கள் மாவுணவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் அமிலத்தை ஆக்க, அவ்வமிலம் பல்லைக் கரைக்கின்றது என அவர் காட்டினார். எனவே, அடைப்பின் விளிம்பில் நுண்ணிய இடைவெளி இருப்பினும் சூத்தை மீளத் தொடங்கலாம். 1895 அளவில் ஜி. வி. பிளாக் கலவையின் விரிவைக் கட்டுப்படுத்தும் விகிதத்தைக் கண்டார். மீள்சூத்தையைத் தடுக்கும்பொருட்டு அவர் வகுத்த முறை, நல்ல பாகத்தையும் ஓரளவு வெட்டி நீக்குமாறு பணித்தது. நோவைத் தவிர்க்க வகுத்த அம்முறையே பல்லை வலுக்குன்றச் செய்தமை நோக்கற்பாலது.

1965 இல் ககெஹாஷியும் சகாக்களும் எலிகளில் நடத்திய ஆய்வு இவ்வுண்மையை மேலும் தெளிவாக்கியது. மச்சை திறக்கப்பட்ட எலிகளுள் கிருமியற்ற சூழலில் வளர்ந்தவற்றின் பற்கள் ஆறின. ஏனையவற்றில் மச்சை அழிந்தது. காயத்தினும் கிருமியே கொடியது என்பது புலனாயிற்று. 1955 இல் புவோனகோர் மிளிரியை அமிலத்தாற் பதப்படுத்தி அடைப்பைப் பற்றவைக்கும் வழியைக் காட்டினார்; அதன்பின் பல்நிறப் பிசின் அடைப்புகள் வளர்ச்சியுற்றன. அவையும் இறுகுங்கால் சுருங்குவதால், விளிம்பின் சிக்கல் முற்றாக நீங்கிற்றில்லை.

இரசத்தால் சூழலுக்கு விளையும் கேட்டைக் கருதிய 2013 ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கை, இரசக்கலவை அடைப்பைப் படிப்படியாகக் குறைக்கப் பணித்தது. 2025 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவத் தேவை கருதிய விலக்குகள் தவிர, அதன் பயன்பாட்டை நிறுத்தியது. பழைய பூசலில் ஒரு தரப்பின் அச்சம் இவ்வாறு வேறு வடிவில் ஏற்கப்பட்டது. மறுதரப்பு எழுப்பிய ஏழையின் பல் பற்றிய வினா இன்னும் விடையை வேண்டி நிற்கின்றது. எப்பொருளால் அடைப்பினும், சூத்தைக்குக் காரணமானவை வாயில் நீடிக்கும்வரை அடைத்த பல்லும் நோவினின்று காப்புப் பெற்றதன்று. முற்காலத்தார் அறியாது துன்புற்றனர். அறிந்தபின்னும் அடைப்பையே முடிந்த பரிகாரமாகக் கொள்வது அவர்தம் பட்டறிவை வீணாக்குவதாகும்.