பூட்டை மாற்றியது யார்?

2014 அக்டோபர் 15, புதன்கிழமை. நம்மூர் நேரப்படி இரவு ஒன்பதரை இருக்கும். ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, உடனே 7.32-க்கு மாறுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழு அறிவித்தது. நான் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

ஓட்டை இருந்த இடம்தான் வேடிக்கை. எஸ்க்யூஎல் இஞ்செக்‌ஷனைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்ட டேட்டாபேஸ் அடுக்கில் இருந்தது அது. ஒரு பட்டியலைக் கொடுத்தால் விரித்து எழுதும் சின்ன ஃபங்ஷன். பட்டியலின் மதிப்புகளை எல்லாம் சந்தேகப்பட்டது, அவற்றின் சாவிகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டது. லாகின்கூட வேண்டாம், வெளியிலிருந்தே உள்ளே வரலாம். சரிசெய்ய ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, இன்னொரு அறிவிப்பு வந்தது. முதல் அறிவிப்பிலிருந்து ஏழு மணி நேரத்துக்குள் பேட்ச் போடாத தளம் எதுவானாலும் பறிபோய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நம் கணக்கில் விடிகாலை நாலரை. அதே அறிவிப்பில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் வேறு: நீங்கள் போடாமலே பேட்ச் போடப்பட்டிருந்தால், அதுவே ஊடுருவலின் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே வந்தவன், அடுத்தவன் வரக்கூடாதென்று தானே ஓட்டையை அடைத்துவிடுகிறானாம்!

என் கல்வெட்டுக் குறிப்புகள் அப்போது ஒரு ட்ரூபல் தளத்தில்தான் இருந்தன. ஃபைலைத் திறந்து பார்த்தேன். பதிப்பு எண் 7.31 என்றே இருந்தது, ஆனால் அந்த ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. நான் தொடவில்லை. திருடனாக இருக்கலாம். ஹோஸ்டிங்காரர்களாகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்த நாட்களில் சில நிறுவனங்கள் வாடிக்கையாளரைக் கேட்காமல் தாங்களே தடுப்பு போட்டன. எங்கள் ஹோஸ்டிங்குக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, செப்டம்பர் பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்டேன். ஐந்து வாரக் குறிப்புகள் போயின. அதில் ஒரு கல்வெட்டின் வாசிப்பை மறுபடி நேரில் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வேர்ட்பிரஸ் இதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலேயே, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டது. என் தளத்தில் என் அனுமதி இல்லாமல் கை வைப்பதா என்று அப்போது திட்டியவர்களில் நானும் ஒருவன். 2017-இல் அதன் பலன் தெரிந்தது. ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானது. அதில் மூடப்பட்ட ரெஸ்ட் ஏபிஐ ஓட்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. லட்சக்கணக்கான தளங்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டு, பிப்ரவரி 1 அன்றுதான் சொன்னார்கள். தானியங்கியை அணைத்து வைத்திருந்தவர்களின் பக்கங்களில்தான் பிறகு கண்டவனும் கிறுக்கிவிட்டுப் போனான்.

ஆனால் என் 2014 கேள்வி, 'யார் மாற்றியது?' என்பது, அப்படியே நின்றது. வேர்ட்பிரஸ் தளங்கள் அத்தனையும் ஒரே சர்வரைக் கேட்டு, அது தருவதை வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. அந்த சர்வரிலேயே ஓட்டை இருந்ததை வேர்ட்ஃபென்ஸ் குழு கண்டுபிடித்து, சரிசெய்யப்பட்ட பிறகு 2016 நவம்பரில் வெளியிட்டது. வரும் செய்தி உண்மையானதா என்று சரிபார்க்கும் இடத்தில், எந்த ஹாஷ் முறையில் சரிபார்ப்பது என்பதை அனுப்புபவனே தேர்ந்தெடுக்க முடிந்தது! பலவீனமான முறையைத் தேர்ந்தெடுத்தால் ஊகித்தே உள்ளே போய்விடலாம்.

வரும் திருத்தம் உண்மையானவர்களிடமிருந்துதானா என்று பார்க்கும் டிஜிட்டல் கையொப்பம் 2019 மே மாதம் 5.2 பதிப்பில்தான் வந்தது. தானியங்கி வந்து ஐந்தரை வருடம் கழித்து.

என் குறிப்புகள் இப்போது வேர்ட்பிரஸில்தான் இருக்கின்றன. தானியங்கியை அணைக்கவில்லை. ஆனால் ஃபைல்களின் ஹாஷ் பட்டியல் ஒன்றை வீட்டு மடிக்கணினியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காபியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பேக்கப் தினமும்.