நிற்கிற விசிறி

கோவைப் பஞ்சாலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். பிறகு பைக்காரா மின்சாரம், அதைத் தொடர்ந்து வரிசையாக எழுந்த மில்கள், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்று நூல் பிடித்தது போலப் போகும் அந்தக் கதை. நூலைச் சுற்றியிருந்த காற்றைப் பற்றி எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை. அந்தக் காற்றோடு 34 வருடம் இருந்தவன் நான். 1979இல் ஐடிஐ முடித்த கையோடு எலக்ட்ரீஷியனாக ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். மூன்றாம் மாதமே ஹெச்-பிளான்ட்டுக்குப் போட்டார்கள். 2013இல் ஓய்வு பெறும்வரை அதுதான் என் இடம்.

ஹெச்-பிளான்ட் என்றால் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட். பஞ்சுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் இழை பொட்டுப் பொட்டென்று அறுந்து, பஞ்சு பறக்கும். கூடிவிட்டால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் இடத்தில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் இருந்தால் நூல் சொன்னபடி கேட்கும். தறி ஓடும் இடத்துக்கு 75க்கு மேல் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் கோவைக்கு நூற்பைக் கொண்டுவந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் கணவாய் மட்டும் போதாது. ஆரம்ப காலத்தில் தரையில் தண்ணீர் தெளித்தார்கள், சன்னலில் ஈரச் சாக்கு கட்டினார்கள். பின்னால்தான் பெரிய விசிறிகள் வந்தன. மிஷின்களுக்குக் கீழே தரையடிக் கால்வாய் வழியாக உள்காற்றை இழுத்து, பஞ்சுத் தூசியை வடிகட்டி, தண்ணீர்த் தாரைக்குள் செலுத்திக் குளிரவைத்து, மேலே கூரைக் குழாய் வழியாகத் திரும்ப இறக்குவது அவற்றின் வேலை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் இதற்குத் தெளிக்கும் தண்ணீர்கூட ஊருக்கு வரும் குடிநீராகவோ சுத்திகரித்த நீராகவோ இருக்க வேண்டும் என்று சொன்னது. ஆயிரம் பேர் மூச்சுவிடும் காற்று அல்லவா.

இந்த விசிறிகளும் அவற்றின் மோட்டார்களும் வருவதற்கு முன்னால் மில் எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தா பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்தவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மில்லுக்கு ஒரே ஒரு நீராவி எஞ்சின். அதிலிருந்து கூரையை ஒட்டி நீளமான ஷாஃப்ட். ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். சங்கு ஊதினால் எஞ்சின் எழும். எஞ்சின் எழுந்தால் ஷாஃப்ட் எல்லாம் சுற்றும். கொடூரமான அமைப்புதான். வேட்டி நுனி, தோளில் கிடக்கும் துண்டு, பெண்களின் முந்தானை எதுவாக இருந்தாலும் பெல்ட் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். ஓடும் ஷாஃப்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் விடவோ பெல்ட் சரிபார்க்கவோ பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளிதான் போக வேண்டும், நிர்வாகம் கொடுத்த இறுக்கமான உடையோடு போக வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் எழுதியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நல்லது இருந்தது. எஞ்சின் எப்போது எழும் என்பது எல்லோருக்கும் தெரியும். சங்கு எல்லார் காதிலும் விழும். அதற்கு முன்னால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

1932இல் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்தில் இறங்கி, மின்சாரம் கோவைக்கு வந்தது. முதலில் எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டார் வைத்து அதே ஷாஃப்டை ஓட்டினார்கள். மெல்ல மெல்ல ஷாஃப்ட் போய், மிஷினுக்கு ஒரு மோட்டார் என்றானது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இங்கேயே மோட்டார் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பட்டறைகள் பெருகிய கதை ஊருக்கே தெரியும். பீளமேட்டிலும் கணபதியிலும் காயில் கட்டத் தெரிந்த பையன்கள் தெருவுக்குத் தெரு உண்டானார்கள்.

ஷாஃப்ட் போனது பெரிய நிம்மதி. ஆனால் அதோடு சங்கும் போய்விட்டது. ஷிப்டுக்கு ஊதும் சங்கைச் சொல்லவில்லை. மிஷின் எழப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொன்ன அந்த எச்சரிக்கையைச் சொல்கிறேன். மோட்டார் வந்த பிறகு விசிறி ஒரு அறையில், ஸ்டார்ட்டர் இன்னொரு அறையில். சுவிட்ச் போடுகிறவன் கண்ணுக்கு விசிறி தெரியாது. விசிறி அறையில் இருக்கிறவன் காதுக்குச் சுவிட்ச் போடுவது கேட்காது. என் வேலையின் ஆபத்து முழுவதும் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த பத்தடிச் சுவரில்தான் இருந்தது.

நான் சேர்ந்தபோது எங்கள் பிளான்ட்டில் பழைய கைப்பிடி ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்கள் இருந்தன. எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் நீளக் கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளினால் ஸ்டார். மோட்டார் மூன்றில் ஒரு பங்கு கரண்டோடு மெதுவாக எழும். வேகம் வந்ததும் வெடுக்கென்று மறுபக்கம் இழுக்க வேண்டும், அது டெல்டா. எப்போது இழுப்பது என்பதற்கு மீட்டர் பார்க்கச் சொல்லித் தரவில்லை, காதைத்தான் பழக்கினார்கள். விசிறி கனமானது, சீக்கிரம் வேகம் எடுக்காது. முதலில் 'ம்ம்ம்' என்று முனகும். சத்தம் படிப்படியாக ஏறி, ஒரு கட்டத்தில் ஏறுவதை நிறுத்திச் சமமாக நிற்கும். அப்போது இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி கரண்ட் பாய்ந்து ஃப்யூஸ் போகும். ஒரு ஃப்யூஸ் மட்டும் போய், மோட்டார் இரண்டு பேஸில் ஓடினால் காயில் கருகிவிடும். கருகிய வார்னிஷ் வாசம் ஒரு தரம் மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. என் மேஸ்திரி சத்தம் சமமானதும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு வந்தால்தான் நான் இழுப்பேன். ஆறு மாதத்தில் அவர் கை இல்லாமலே தெரிந்தது.

காற்றுவழியை அடைக்கும் கதவான டாம்பர் விஷயமும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். நத்தைக்கூடு போன்ற சென்ட்ரிஃபியூகல் விசிறியை டாம்பரை மூடிவைத்து எழுப்ப வேண்டும், காற்று போகாவிட்டால் அதற்குச் சுமை குறைவு. இறக்கை நேராக இருக்கும் ஆக்சியல் விசிறிக்கு அப்படியே தலைகீழ். மூடி வைத்துப் போட்டால் மோட்டார் திணறும். இரண்டையும் ஒன்றாக நினைத்தவன் மோட்டாரை எரிப்பான். பேஸ் மாறிப்போனாலும் இரண்டும் வெவ்வேறு மாதிரி நடக்கும். ஆக்சியல் விசிறி காற்றைத் திருப்பி அனுப்பும், உடனே தெரிந்துவிடும். சென்ட்ரிஃபியூகல் தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கம்தான் ஊதும், குறைவாக ஊதும். ஒரு முறை டிரான்ஸ்பார்மர் வேலைக்குப் பிறகு பேஸ் மாறி, இரண்டு நாள் டிபார்ட்மென்ட் கொதித்தது. எல்லோரும் தண்ணீர் பம்பைச் சந்தேகப்பட்டார்கள். சுற்றும் திசையை யாரும் பார்க்கவில்லை. அதிலிருந்து லைனில் யார் கை வைத்தாலும், சுவிட்சை ஒரு நொடி போட்டு நிறுத்தி, விசிறி சுற்றும் திசை பார்த்த பிறகே ஓட்டுவோம்.

விசிறி அறையை ஒருமுறை பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். தரை எப்போதும் ஈரம். காற்றழுத்தத்தில் கதவு திறக்க வராது, திறந்தால் அறைந்து சாத்தும். மோட்டாரின் மேல்தகடுகளுக்கு நடுவில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் சூடு வெளியே போக வழியில்லை. பத்து டிகிரி கூடினால் காயிலின் ஆயுசு பாதி என்பது எங்கள் கணக்கு. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டில்தான் எரிய வேண்டும். மோட்டார் உடம்புக்கு எர்த் கம்பி ஒன்று போதாது, தனித்தனியாக இரண்டு. 1956ஆம் வருட மின்சார விதிகளிலேயே அது இருந்தது. ஈரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு கம்பி துருப்பிடித்தால் இன்னொன்று உயிர். நீண்ட லீவுக்குப் பிறகு இன்சுலேஷனை மெகர் வைத்து அளக்காமல் எந்த மோட்டாரையும் எழுப்ப மாட்டோம். இன்சுலேஷன் இறங்கியிருந்தால் சுற்றிலும் 200 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டு ஒரு ராத்திரி காயவைப்போம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் 1984 மே மாதம் அது நடந்தது.

அன்று எனக்கு முழுநைட் ஷிப்ட். அரைநைட் ஷிப்ட் ஆள் மாறிப் போகும் நேரத்தில் நான் வந்தேன். ஸ்பின்னிங் மேஸ்திரி கோபமாக நின்றார். உள்ளே 60 இருக்க வேண்டிய ஈரம் 48இல் நிற்கிறது, நூல் அறுகிறது என்றார். பேனலைப் பார்த்தேன். இரண்டாம் விசிறி நின்றுகொண்டிருந்தது. எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை. முந்தைய ஷிப்ட் ஆள் கைகழுவப் போயிருந்தார். டிரிப் ஆகியிருக்கும் என்று நினைத்து நான் கைப்பிடியைத் தள்ளினேன்.

முனகல் வந்தது. சத்தம் ஏறத் தொடங்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

ஹெல்பர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், பெல்ட்டை மூடும் கார்டைக் கழற்றிவைத்து, பேரிங் உட்காரும் பிளம்மர் பிளாக்கில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். இடது கை பெல்ட்டின் மேல் இருந்தது. ஸ்டாரில் எழுந்ததால் விசிறி மெதுவாகத்தான் சுற்றியது. அதனால் கை மிச்சம். மோதிர விரலும் சுண்டு விரலும் புல்லிக்குள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிப் போனேன். வழியில் அவர் என்னைத் திட்டவே இல்லை. "அண்ணா, இந்த மாசம் கல்யாணம் வெச்சிருக்குது, தள்ளிப்போடச் சொல்லோணும்" என்று மட்டும் சொன்னார்.

விசாரணையில் குறிப்பு எழுதாத ஆளையும் குறிப்பு இல்லாமல் சுவிட்ச் போட்ட என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். அது சரியான தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கடிதம் எந்த மாற்றத்தையும் செய்யாது என்பது மட்டும் அன்றே தெரிந்தது. குறிப்பு எழுத மறக்கிற மனிதர்கள் எப்போதும் இருப்பார்கள். மறந்தாலும் சுற்றாதபடி செய்ய வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருந்தது. 1976இல் 24ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தும் சாதனம் தவறுதலாக ஓடும் நிலைக்குப் போகக்கூடியதாக இருந்தால், அதை நிறுத்திய நிலையிலேயே பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும். எட்டு வருடமாகப் புத்தகத்தில் இருந்தது எங்கள் பேனலில் இல்லை. நானும் படித்ததில்லை. நான் காசு போட்டு ஆறு சின்னப் பூட்டு வாங்கினேன். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் கைப்பிடியில் வெல்டரிடம் ஒரு வளையம் பற்றவைக்கச் சொன்னேன். விசிறிக்குள் போகிறவன் பூட்டுவான், சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். வேறு யாரிடமும் இரண்டாவது சாவி கிடையாது. முதலில் சிரித்தார்கள். ஷிப்ட் முடிந்து சாவியோடு வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரை நடுராத்திரி சைக்கிளில் போய் அழைத்துவந்த நாள் வந்தபோது மேனேஜர் கத்தினார். அழைத்துவந்தது சரிதான் என்று நான் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

பூட்டு போட்டும் ஒரு ஆபத்து மிஞ்சும். ஒரே குழாயில் இரண்டு விசிறி இருந்தால், ஓடுகிற விசிறியின் காற்று நிற்கிற விசிறிக்குள் புகுந்து அதைப் பின்னோக்கிச் சுற்றவைக்கும். கரண்டே இல்லாமல் சுற்றும். அதனால் டாம்பரை மூடி, இறக்கைக்குக் குறுக்கே கட்டையும் வைத்துக் கட்டிய பிறகே கை வைக்க வேண்டும். சுற்றுகிற விசிறியிடம் எல்லோரும் பயப்படுவார்கள். யாரும் அதில் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. விரல் போனதெல்லாம் நிற்கிற விசிறியில்தான்.

நான் ஓய்வு பெறும்போது கைப்பிடி ஸ்டார்ட்டர் ஒன்றும் இல்லை. எல்லாம் வேகத்தை மாற்றும் டிரைவ்கள். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகிறது. மில்லுக்கு அது பெரிய லாபம், நானே முன்னால் நின்று மாட்டினேன். ஆனால் இப்போது விசிறியை எழுப்புவது மனிதனும் இல்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்துக் கருவி தானே எழுப்பும், தானே நிறுத்தும். முன்பு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளாவது இருந்தான். காது கொடுத்தால் குரல் கேட்கும், கையை எடுப்பான். கருவிக்குக் காது இல்லை.

அந்த ஹெல்பர் பிறகு ஸ்டோருக்கு மாறினார். கல்யாணம் ஆவணியில் நடந்தது. நான் போனேன்.

ஹெச்-பிளான்ட்டில் இன்று வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு: டிஸ்பிளேயில் 'ஸ்டாப்' என்று இருப்பதை நம்பி உள்ளே போகாதீர்கள். ஐசோலேட்டரை இறக்குங்கள், உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பெல்ட் கார்டை மாட்டி, அறையை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகு நீங்களே திறங்கள். உங்கள் மில்லில் பூட்டு இல்லையென்றால் நாளைக் காலை கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.