லாப ஈவு வந்து சேரும் வழி

1990 நவம்பர் 7-ஆம் தேதி டெலிகோம் நிறுவனத்தின் பங்குகள் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் ஏறின. வெளியீட்டு விலை பங்கு ஒன்றுக்கு 5 வெள்ளி. 1987 வரை அது அரசாங்கத் துறை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதி முதல் கிள்ளான் துறைமுகம் வரை தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் அதற்குக் கட்டணம் கட்டியது. போட்டியாளர் இல்லை, வாடிக்கையாளர் போக வேறு இடமில்லை, வருமானம் மாதம் தவறாமல் வரும். லாப ஈவை நம்பி நீண்ட காலம் வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான நிறுவனம் அன்றைய மலேசியாவில் இருந்ததா என்பதே சந்தேகம். அவற்றில் ஒரு கோடிப் பங்குகள், மலேசிய இந்தியர்களின் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கென ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்தப் பங்குகளின் பலனில் பெரும்பகுதி அந்த முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர்களின் கைக்கு வரவில்லை. ஒரு நிறுவனத்தை ஈவுக்காக எடைபோடும்போது அது விற்கும் பொருளையும் அதன் புகழையும் மட்டும் பார்ப்பது போதாது. ஈட்டிய பணம் நம் கைக்கு வரும் வழியில் யார் யார் நிற்கிறார்கள், அவர்களை எந்த விதி கட்டுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் அறுபது ஆண்டுச் சேமிப்பு வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

லாப ஈவு என்ற சொல் இங்குள்ள தமிழருக்கு வெகுகாலம் அந்நியமாக இருந்தது. ஆனால் அந்த ஈவை விளைவித்தவர்கள் அவர்களே. கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற நிறுவனங்களின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் மங்கு கட்டிப் பால் இறக்கியவர்களின் உழைப்பு, லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் ஈவாகப் போய்ச் சேர்ந்தது. தொழிலாளியின் சேமிப்போ கழுத்துச் சங்கிலியிலும், லயத்துப் பெண்கள் சேர்ந்து கட்டிய கூட்டுப் பணத்திலும் இருந்தது. கூட்டு கட்டுவதையும் பின்னாளில், 1971-இல், ஒரு சட்டம் தடை செய்தது. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். வேலை போனதோடு குடியிருந்த வீடும் போனது. தொழிலாளரின் சேமிப்பைக் கூட்டு முதலீடாக்கும் முதல் பெரிய முயற்சி பிறந்தது இந்தச் சூழலில்தான்.

1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். அவர் தொழிலாளிகளிடம் கேட்டது மாதம் 10 வெள்ளி. தோட்டம் தோட்டமாகச் சென்று பேசித்தான் அந்தப் பணம் திரண்டது. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. 1979-இல் சம்பந்தன் மறைவதற்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்துவிட்டன. இங்கே வருமானம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். சங்கத்தின் சொத்து ரப்பரும் செம்பனையும். உறுப்பினருக்கு அந்த மரத்தையும் தெரியும், அதன் மகசூலையும் தெரியும். பால் எடை குறைந்தால் ஏன் என்று கேட்கத் தெரிந்தவர் அவர். நூறு பங்கு வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கும் ஒரே வாக்கு என்பது கூட்டுறவு விதி. ஆண்டுக் கணக்கைப் பேராளர் கூட்டத்தின் முன் வைத்தாக வேண்டும். தோட்டத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே நின்றவர்கள் சிலரே. அவர்களும் விதிக்குக் கட்டுப்பட்டே நின்றார்கள்.

சங்கத்தின் வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. நில விலை ஏறியது, செம்பனை நல்ல விலைக்குப் போனது, சங்கத்தின் திறமை அதில் எங்கே என்று கேட்பார்கள். பாதி சரி. நிலம் வாங்கிய காலம் நல்ல காலம். ஆனால் அதே நிலத்தை அதே காலத்தில் வைத்திருந்த பலர் துண்டாடி விற்றுவிட்டுப் போனார்கள். சங்கம் விற்காமல் வைத்திருந்தது. ஈவு தரும் சொத்தைப் பொறுத்தவரை விற்காமல் இருப்பதே பெரிய முடிவு. குறையும் உண்டு. கூட்டுறவுப் பங்கு சந்தையில் விலைபோவதில்லை. நிலத்தின் மதிப்பு எவ்வளவு ஏறினாலும் அது உறுப்பினரின் பங்கு விலையில் தெரிவதில்லை. உடனே பணம் வேண்டியவருக்கு அது இடைஞ்சல்தான். ஈவு ஒன்றையே எதிர்பார்த்தவருக்கு அந்த இடைஞ்சல் பெரிதல்ல என்பது என் முடிவு.

1981 இந்த நாட்டு முதலீட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் கத்ரியைக் கைப்பற்றியது. அதே ஆண்டு தொடங்கிய அமானா சஹாம் நேஷனல் என்ற கூட்டு முதலீட்டு நிதி வழியாகத் தோட்ட ஈவுகள் பூமிபுத்ரா குடும்பங்களுக்குப் போய்ச் சேரத் தொடங்கின. நிறுவனப் பங்குடைமையில் இந்தியர்களின் அளவு 1970-இல் 1.1 விழுக்காடு; 1990-இலும் அது 1 விழுக்காடுதான். தங்களுக்கும் அப்படியொரு பங்கு வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் 1982-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைமையில் மைக்கா ஹோல்டிங்ஸ் உருவானது. ஏறத்தாழ 66,000 பேர் 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். சராசரியாக ஆளுக்கு 1,600 வெள்ளி. நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் கடன் வாங்கிப் போட்டவர்களும் அதில் அடக்கம். மைக்கா சம்பந்தனின் பாதையை விட்டு நவீனத் தொழில்களைத் தேடியது. யுனைடெட் ஏசியன் வங்கி, புதிதாகத் தொடங்கிய டிவி3, ஓரியன்டல் கேப்பிட்டல் காப்புறுதி என்று பட்டியல் நீண்டது. வங்கி 1980களின் நடுவில் வந்த பொருளாதாரச் சரிவில் பெரும் நட்டம் கண்டது. மைக்காவின் பங்கு சந்தையில் பட்டியலிடப்படும் என்ற எதிர்பார்ப்பு கடைசி வரை நிறைவேறவில்லை. ஆகவே பங்குதாரருக்கு ஈவும் சரியாக வரவில்லை, விற்றுவிட்டு வெளியேறவும் வழியில்லை.

அந்த நேரத்தில்தான் டெலிகோம் ஒதுக்கீடு வந்தது. ஒரு கோடி பங்குகளில் மைக்கா 10 லட்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதி 90 லட்சம் மூன்று தனியார் நிறுவனங்களுக்குச் சென்றது. இது 1992-இல் வெளியே தெரிந்து நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. எல்லாப் பங்கையும் வாங்க மைக்காவிடம் பணம் இல்லை என்றும், மற்ற நிறுவனங்களுக்குப் போனவை சமூகத்தின் கல்வித் திட்டங்களுக்காகவே என்றும் ம.இ.கா. தலைமை விளக்கியது. ஊழல் தடுப்பு அமைப்பு விசாரித்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. குற்றம் நடந்ததா என்பதைத் தீர்மானிக்கும் இடம் இதுவல்ல. ஆனால் முதலீட்டாளரின் கண்ணோட்டத்தில் ஒன்று உறுதி. 90 லட்சம் பங்குக்குத் தேவைப்பட்டது 45 மில்லியன் வெள்ளி. 1993 முடிவதற்குள் பங்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 66,000 பேர் போட்ட முதலில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலான தொகையை இந்த ஒரு பங்கே ஈட்டித் தந்திருக்கும். அதை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்தபோது அந்த 66,000 பேரில் எவரிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எடுத்திருந்தாலும் விலை ஏறியதும் விற்றிருப்பார்கள், அதற்கும் ஈவுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். விற்காமல் வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். முதல் சில ஆண்டுகளில் விலை ஏறிய வேகத்தில் ஈவு ஏறவில்லை. 2008-இல் கைப்பேசித் தொழில் பிரிந்து தனி நிறுவனமானபோது ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்கு இலவசமாகக் கிடைத்தது. அதுவே இன்றைய ஆக்சியாட்டா. தாய் நிறுவனமோ ஆண்டுக்கு 700 மில்லியன் வெள்ளி அல்லது லாபத்தில் 90 விழுக்காடு, எது அதிகமோ அதைத் தருவதாக வாக்களித்தது. பங்கு ஒன்றுக்கு 5 வெள்ளி எனக் கொண்டால் இது ஏறத்தாழ 4 விழுக்காடு. இதற்கிடையில் செம்புக் கம்பியின் காலம் முடிந்து கண்ணாடி இழை வந்தது. 11.3 பில்லியன் வெள்ளித் திட்டத்தில் அரசு 2.4 பில்லியனைத் தர, 2010-இல் யூனிஃபை சேவை ஷா ஆலம், சுபாங் ஜெயா, பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகிய நான்கு பகுதிகளில் தொடங்கியது. பிறகு 2018-இல் அகண்ட அலைவரிசைக்குக் கட்டாய விலை வரையறை வந்தது. முந்தைய ஆண்டு பங்குக்கு 21.5 காசு தந்த நிறுவனம் அந்த ஆண்டு தந்தது 2 காசு. ஈவு வாக்குறுதியும் லாபத்தில் 40 முதல் 60 விழுக்காடு எனக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் கூட்டமாக ஓடிவிடவில்லை. பொருளின் புகழும் குறையவில்லை. தொழில்நுட்ப நிறுவனத்தின் பணம் பங்குதாரருக்கு வருமுன் கம்பி மாற்றும் செலவும், கட்டணத்தை நிர்ணயிக்கும் அரசும் அதைக் கேட்டு நிற்கின்றன. 2023-இல் ஈவு மீண்டும் 25 காசாக உயர்ந்தது உண்மை. அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கக்கூடியவருக்கு அது நல்ல முதலீடு. அடகு நகையின் வட்டியை ஈவிலிருந்து கட்டலாம் என்று எண்ணியவருக்கு அல்ல.

இடையில் ஆள் நிற்பதே தவறென்றால் ஊழியர் சேமநிதி எப்படி வெற்றிபெற்றது என்ற கேள்வி நியாயமானது. அதுவும் நம் பணத்தை வாங்கித் தானே முடிவெடுத்து முதலிடும் அமைப்புதான். டெலிகோம் பங்கும் அதன் கையில் உண்டு. வித்தியாசம் விதியில் இருக்கிறது. குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வருகிறது, ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு இருக்கிறது. 1980களின் நடுவில் அது 8.5 விழுக்காடும், 1988 முதல் 1994 வரை 8 விழுக்காடும் தந்தது. 1984 முடிவில் அதில் 1,000 வெள்ளி இருந்திருந்தால், ஆண்டுதோறும் அறிவித்த ஈவைச் சேர்த்துக்கொண்டே போனால் 2009 முடிவில் அது ஏறத்தாழ 5,000 வெள்ளி. மைக்காவில் போட்டவருக்கு நேர்ந்தது வேறு. 2010-இல் கிள்ளானை ஒட்டிய இண்டா தீவின் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை நடத்திவந்த டான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்குக்கு 80 காசு தர முன்வந்தது. மொத்தம் ஏறத்தாழ 106 மில்லியன் வெள்ளி. கால் நூற்றாண்டுக்கு முன் மக்கள் போட்ட தொகையும் அதுதான். இடையில் ஈவு வந்த ஆண்டுகள் மிகச் சில.

எனவே இன்று கைப்பேசி நிறுவனமோ இணைய நிறுவனமோ, ஈவை நம்பிப் பங்கு வாங்க நினைப்பவர் அது என்ன விற்கிறது என்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கட்டும்: பங்கு என் பெயரில் நேராக இருக்குமா, ஈவுக் கொள்கையை மாற்ற யாருக்கு உரிமை, அடுத்த தலைமுறைக் கருவிக்குப் பணம் எங்கிருந்து வரும், வேண்டாமென்றால் நாளையே விற்க முடியுமா. இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில், வேண்டியவர் சொன்னார் என்பதற்காகப் பணம் போட வேண்டாம். இன்னொன்றும் செய்ய வேண்டும். மறைந்த பெற்றோரின் பெட்டியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரமோ மைக்கா பத்திரமோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனில் இயங்குகிறது. நிறுவனங்களில் கோரப்படாமல் கிடக்கும் ஈவு 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியக் கணக்காளர் துறையிடம் போய்ச் சேரும். உரியவரோ வாரிசோ அதைக் கோரலாம்.