லே-ஆஃப்னா வேலை போச்சுன்னு அர்த்தமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில அடிக்கடி காதுல விழுற இங்கிலீஷ் வார்த்தை லே-ஆஃப். டிவியில ஐ.டி. கம்பெனி செய்தி வரும்போதும் அதே வார்த்தைதான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. அந்த வித்தியாசத்துல ஒரு தொழிலாளியோட பாதிச் சம்பளம் இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

'லே'ன்னா வை, கிடத்து. 'ஆஃப்'னா விலக்கி, அப்பால. தனித்தனியா அகராதியைப் புரட்டினா ஒண்ணும் பிடிபடாது. நம்ம 'விட்டுக்கொடு' மாதிரிதான். சேர்த்துப் படிச்சாத்தான் அர்த்தம் வரும். ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து 'லே ஆஃப்'னு சொன்னா, 'அட, சும்மா விடுப்பா'ன்னு பொருள். முதலாளி தொழிலாளியை 'லே ஆஃப்' பண்ணினா சங்கதியே வேற.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல இது தற்காலிகம்தான். சீசன் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்புவாங்க, வேலை வந்தா திரும்பக் கூப்பிடுவாங்க. போகப் போக, மொத்தமா வீட்டுக்கு அனுப்புறதுக்கே நாசூக்கான பேரா ஆயிடுச்சு.

இந்தியாவுல சட்டம் பழைய அர்த்தத்தைப் பிடிச்சு வச்சுக்கிச்சு. 1947 தொழில் தகராறு சட்டத்துல 1953ல ஒரு திருத்தம் வந்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், மெஷின் பழுது மாதிரி காரணத்தால வேலை கொடுக்க முடியாமப் போனாத்தான் லே-ஆஃப். மஸ்டர் ரோல்ல பேரு அப்படியே இருக்கும். பேரை எடுத்தா அது ஆட்குறைப்பு, அதுக்கு வேற விதி.

ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ரெண்டுலயும் பாதி உண்டு. ஆனா தினமும் ஒரு தடவையாவது கம்பெனிக்குப் போய் ஆஜராகணும். போய் நின்னு ரெண்டு மணி நேரத்துல வேலை கொடுக்கலைன்னா அன்னிக்கு லே-ஆஃப்னு கணக்கு. வேலையே போச்சுன்னு நினைச்சு ஊருக்கு ரயில் ஏறிட்டா அந்தப் பாதியும் போச்சு! தமிழ்ப் பத்திரிகைகள் லே-ஆஃபை 'பணிநீக்கம்'னு எழுதும்போது எனக்கு உறுத்துறது இதுதான்.

இங்கிலீஷ் படிக்கிற சீனாக்காரருக்கு இது சட்டுனு புரியும்னு நினைக்கிறேன். அவங்ககிட்ட 'ஷியாகாங்'னு ஒரு சொல் இருக்கு. காவல் முடிஞ்சு சிப்பாய் இறங்கிப் போறதைக் குறிச்ச சொல். 1990கள்ல அரசு ஆலைகள் லட்சக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பினப்போ இதைத்தான் சொன்னாங்க. பேரு ஆலைக் கணக்குல இருக்கும், ஜீவனத்துக்கு ஒரு தொகை வரும். அதுக்கும் 3 வருஷம்தான் உச்சவரம்பு. நிறைய பேருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. தற்காலிகச் சொல் நிரந்தரமான கதை அங்கயும் நடந்திருக்கு.

நம்ம பக்கமும் புதுச் சொற்கள் வருது. 2019 செப்டம்பர்ல வண்டி விற்பனை படுத்தப்போ, அசோக் லேலண்ட் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் அறிவிச்சது 'நான்-ஒர்க்கிங் டேஸ்'.

1947 சட்டத்துக்குப் பதிலா வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்தது. லே-ஆஃபுக்கான விளக்கமும் பாதிச் சம்பளமும் அதுலயும் இருக்கு. அரசு அனுமதி கேட்க வேண்டிய ஆலைகளோட வரம்பு மட்டும் 100 பேர்ல இருந்து 300 ஆயிடுச்சு. பதிலி ஆளுங்களுக்கும் தற்காலிக ஆளுங்களுக்கும் அன்னிக்கும் பாதிச் சம்பளம் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. அவங்க நிலைமைக்கு எந்த மொழியிலயாவது தனிச்சொல் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.