பிக்கப் வேறு, டாப் ஸ்பீடு வேறு!

மின்சாரக் கார் என்றாலே நேற்று வந்த புதுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கார்களின் வேக சாதனைப் பட்டியலில் முதல் பெயரே மின்சாரக் கார்தான்!

1898 டிசம்பர் 18. பாரிஸ் அருகே அஷேர் என்ற ஊர். ஷாஸ்லு-லோபா என்ற பிரெஞ்சுப் பிரபு மின்சாரக் காரை மணிக்கு 63.15 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அடுத்த ஆண்டே பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி, டார்பிடோ வடிவ மின்சாரக் காரில் 105.88 கி.மீ. தொட்டார். காரில் 100-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான்.

எப்படி முடிந்தது? மின்சார மோட்டார், நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்துவிடும். நீராவி எஞ்சினும் அப்படித்தான். 1906-ல் ஃபுளோரிடா கடற்கரையில் ஃப்ரெட் மாரியட் ஓட்டிய ஸ்டான்லி நீராவிக் கார் 205 கி.மீ. வேகத்தில் பறந்தது. மறுவருடம் மீண்டும் முயன்றபோது கார் தூக்கி எறியப்பட்டு நொறுங்கியது. மாரியட் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

பெட்ரோல் எஞ்சினோ ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் தெம்பு காட்டும். அதற்குத்தான் கிளட்ச், கியர் எல்லாம். பிறகு எப்படி அது ஜெயித்தது?

காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு! அந்தக் காலத்து பேட்டரி கனம் அதிகம், சரக்கு குறைவு. பெட்ரோலோ குறைந்த எடையில் நிறைய சக்தியைச் சுமக்கும். 1947-ல் ஜான் காப், இரண்டு விமான எஞ்சின் பொருத்திய காரில் 634 கி.மீ. எட்டினார்.

அதற்குமேல் இன்னொரு தடை வந்தது. சக்கரம் தரையைப் பிடித்துத் தள்ளினால்தான் கார் நகரும். பிடி போதாவிட்டால், எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் டயர் வழுக்கிச் சுற்றும், அவ்வளவுதான்.

ஜெட் எஞ்சினுக்கு இந்தக் கவலை இல்லை. பின்னால் வாயுவைப் பீய்ச்சியே முன்னால் போய்விடும். சக்கரம் உருண்டால் போதும். 1963-ல் கிரெய்க் பிரீட்லவ் மூன்று சக்கர ஜெட் வண்டியில் 655 கி.மீ. போனார். "இது காரே இல்லை" என்று கார் பந்தய அமைப்பு ஏற்க மறுத்தது. பிறகு விதியே மாறியது. 1997 அக்டோபர் 15 அன்று ஆண்டி கிரீன், த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. என்ற ஜெட் காரில் 1,227.985 கி.மீ. வேகத்தில் ஒலியையே முந்தினார்.

இன்று சிக்னலில் பச்சை விழுந்ததும் மின்சாரக் கார் சட்டென்று சீறிக் கிளம்புகிறதே... அது 1899-ல் ஜெனாட்ஸியைத் தள்ளிய அதே இழுவைதான். அன்று இல்லாதது நல்ல பேட்டரி மட்டுமே!